கரையானிடம் காப்பி அடித்தவர்

சென்ற வாரம் வீட்டுக்கு வழவழப்பான ஒரு புத்தகம் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரம். அட்டையில் ஒரு பச்சை இலை, இலை மேல் பனித்துளி, துளிக்குள் ஒரு கட்டடம். 'இயற்கையில் பிறந்த இல்லம்' என்று தலைப்பு. சும்மா இருக்க முடியாமல் போன் செய்தேன்.

"இதில் இயற்கை எங்கே தம்பி இருக்கு?"

"பால்கனி எல்லாமே இலை ஷேப்புல வருது ஸார்."

"மேற்குப் பக்கம் பூரா கண்ணாடியா இருக்கே, சாயங்கால வெயில் அடிக்காதா?"

"அதுக்கென்ன ஸார், எல்லா ரூமுக்கும் ஏ.ஸி. பாயின்ட் கொடுத்துடறோம்!"

நிஜ இலை வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு நமக்கு நிழல் தரும். இந்த இலை வெயிலை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கரண்ட் பில்லை நம் தலையில் கட்டுகிறது.

இயற்கையைப் பார்த்துக் கட்டுகிறோம் என்று சொல்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் உருவத்தைக் காப்பி அடிப்பது. ஹைதராபாத் போனால் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் அலுவலகத்தைப் பாருங்கள். 2012-ல் திறந்தது. கட்டடமே ஒரு மாபெரும் மீன். கண் உண்டு, வால் உண்டு, துடுப்பு உண்டு. குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மீன் இலாகா மீன் வடிவத்தில் இருந்தால் போர்டு எழுதும் செலவு மிச்சம், அவ்வளவுதான். மீன் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது? தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக. ஃபைல் நகராத ஓர் அலுவலகத்துக்கு அது எதற்கு?

பெய்ஜிங்கில் 2008 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய ஸ்டேடியத்தை 'பறவைக்கூடு' என்கிறார்கள். அழகில் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அதன் பிரதான கட்டமைப்புக்கே சுமார் 42,000 டன் எஃகு ஆனது. பறவை எப்படிக் கூடு கட்டுகிறது? கைக்கு, அதாவது அலகுக்கு, அகப்பட்ட லேசான குச்சிகளை வைத்து. குறைந்த பொருளில் நிறைய பலம் என்பதுதான் கூட்டின் சூட்சுமம். கூட்டின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு சிக்கனத்தைக் கீழே போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது ரகம், உருவத்தை விட்டுவிட்டு வேலை செய்யும் விதத்தைக் கேட்பது. இதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் 1996-ல் திறந்த 'ஈஸ்ட்கேட் சென்டர்'. கட்டியவர் அந்த ஊர்க்காரரான மிக் பியர்ஸ். எதைப் பார்த்து என்று கேட்டால் சிரிப்பீர்கள். கரையான் புற்று!

போட்டோவில் பார்த்தால் புற்று மாதிரியே இருக்காது. ஒன்பது மாடியில் இரண்டு நீளமான கட்டடங்கள், நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு சந்து, உச்சியில் வரிசையாக 48 செங்கல் புகைபோக்கிகள். ஜன்னல்கள் சிறிசு. சுவருக்கு நிழல் தர வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பற்கள். மொத்தத்தில் பழைய காலத்து ஃபாக்டரி போலத்தான் தெரியும். சூட்சுமம் உள்ளே இருக்கிறது. ராத்திரி ஊர் குளிர்ந்ததும் பெரிய விசிறிகள் குளிர்ந்த காற்றைத் தரைக்கு அடியில் உள்ள இடைவெளிகளில் செலுத்துகின்றன. மணிக்குப் பத்து முறை காற்று மாறுகிறது. கனமான கான்கிரீட் அந்தக் குளிர்ச்சியைச் சேமித்துவைத்து, பகலில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. ஆபீஸில் சூடான காற்று மேலேறி புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. வழக்கமான ஏ.ஸி. பிளான்ட் வாங்காததால் கட்டும் செலவில் சுமார் பத்து சதவிகிதம் மிச்சம், அக்கம்பக்கக் கட்டடங்களைவிட மின்சாரம் 35 சதவிகிதம் குறைவு என்று கணக்குச் சொல்கிறார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். இதில் ஒரு கூத்து இருக்கிறது.

பியர்ஸ் நம்பிய புற்று சயன்ஸ், மார்ட்டின் லூஷர் என்ற சுவிஸ் விஞ்ஞானி 1961-ல் எழுதியது. புற்றுக்குள் சூடான காற்று மேலேறி, சுவர்க் குழாய்களில் ஆறி, கீழே திரும்புகிறது. அதனால் கூடு எப்போதும் ஒரே வெப்பத்தில் இருக்கிறது என்றார். இயற்கையின் ஏ.ஸி.! பிற்பாடு ஸ்காட் டர்னர், ரூபர்ட் ஸோர் என்ற இருவர் நமீபியா நாட்டுப் புற்றுகளை ஆராய்ந்துவிட்டு 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாரம்: அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கரையான்கள் குடியிருப்பது பெரும்பாலும் தரைக்குக் கீழே. அங்கே வெப்பம் சுற்றியுள்ள மண்ணைப் பொறுத்து, பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. மேலே நாம் பார்க்கும் மேடு ஏ.ஸி. அல்ல, நுரையீரல். கூட்டம் மூச்சுவிடுவதற்காகக் கட்டியது.

ஆக, தப்பான பாடத்தைப் படித்துவிட்டு ஒருவர் பரீட்சையில் பாஸ் பண்ணியிருக்கிறார்.

இதோடும் முடியவில்லை. 2015-ல் மகாதேவன் என்ற ஹார்வர்டு விஞ்ஞானியும் சகாக்களும் நம்ம பெங்களூரில் வேறு ரகக் கரையானின் புற்றுகளுக்குள் காற்றோட்டத்தை அளந்தார்கள். பகலில் புற்றின் மெல்லிய வெளிச்சுவர் சீக்கிரம் சுடுகிறது, நடுப்பகுதி மெதுவாக. ராத்திரி இது தலைகீழ். இந்த வித்தியாசத்தில்தான் காற்று சுற்றி, கெட்ட காற்று வெளியே போகிறது. பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பிழைப்பது! பியர்ஸின் கட்டடமும் அதைத்தானே செய்கிறது? கரையான் மூச்சுவிட, மனிதர் குளிர. அவரே அறியாமல் கரையானுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய்விட்டார்.

எனக்கு இதில் தெரிவது இதுதான்: ஈஸ்ட்கேட் ஜெயித்தது கரையானால் மட்டுமல்ல, ஹராரேயால். ஊர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் மேலே இருக்கிறது. பகல் சுட்டாலும் ராத்திரி நன்றாகக் குளிரும். பியர்ஸ் பிறந்து வளர்ந்த ஊரின் ராத்திரியை அறிந்தவர். அதுதான் அவருடைய நிஜ ஆசான்.

"அப்படியானால் அண்ணாசாலையில் ஒன்று கட்டலாமே?" என்று கடிதம் எழுதப்போகிறவர்களுக்கு: வேண்டாம். சென்னையில் மே மாதம் விடியற்காலையிலும் 28 டிகிரி, கூடவே பிசுபிசுப்பு. அந்தக் காற்றை ராத்திரி முழுக்கக் கான்கிரீட்டுக்குள் ஊதினால் காலையில் ஆபீஸ் இட்லிப் பானையாகிவிடும். இங்கே வேண்டியது சுவர்மேல் நிழலும் உடம்புமேல் காற்றும். தாழ்வாரமும் முற்றமும் எதிரெதிர் ஜன்னலும் வைத்துக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஹராரே கட்டடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அதுவும் இன்னொரு மீன் கட்டடம்தான்.

எனவே அடுத்த முறை யாராவது 'இயற்கையில் பிறந்த இல்லம்' என்று புத்தகம் நீட்டினால் இரண்டே கேள்வி கேளுங்கள். மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போனால் உள்ளே உட்கார முடியுமா? காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகும்? பதில் இல்லையென்றால் இலை வெறும் அட்டைப்படம்.

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பார்கள். ஹராரேயில் குடிபுகுந்தது ஓர் ஆர்க்கிடெக்ட். கருநாகம் பரவாயில்லை, கரையான் சொல்லாததை எல்லாம் சொன்னதாகச் சொல்லவில்லை.