ஒரே மட்டத்தில் நூறு தலைகள்

போட்டோ எடுப்பவர்களோடு கலைக் கண்காட்சிக்குப் போவது, சாப்பாட்டு ராமர்களோடு கோயிலுக்குப் போவது போல. சுவாமியைவிடப் பிரசாதத்தின் மேல்தான் கண் இருக்கும். 2024-ம் வருஷம் கோடை முடிகிற சமயத்தில், இங்கிலாந்தில் நார்ஃபோக்கிலுள்ள ஹௌட்டன் மாளிகைக்கு அப்படி ஒரு கோஷ்டியோடு போய் வந்தேன். ஆளுக்கு இரண்டு காமிரா அவர்களிடம். என்னிடம் ஒரு குடை.

பிரிட்டனின் முதல் பிரதம மந்திரி என்று பெயர் பெற்ற ராபர்ட் வால்போல் 1720-களில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. தோட்டத்துக்குள் கிடந்த கிராமத்தை எடுத்து வாசலுக்கு வெளியே புதிதாகக் கட்டி வைத்தார்கள். மாதா கோயில் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அவர் சேர்த்த ஓவியங்களைப் பேரன் 1779-ல் ருஷ்ய ராணி காதரீனுக்கு விற்றுவிட்டான். ஊர் போயிற்று, படங்கள் போயின, காட்சி மிஞ்சியது.

அந்தக் காட்சிக்குள்தான் சிற்பி ஆண்டனி கோர்ம்லி 100 இரும்பு மனிதர்களை நட்டிருந்தார். 'டைம் ஹொரைஸன்' என்று பெயர். எல்லாம் தம் உடம்பிலிருந்தே அச்செடுத்து வார்த்தவை. ஒவ்வொன்றும் சுமார் 620 கிலோ. 300 ஏக்கரில் பரவியிருந்தாலும் தலைகள் எல்லாம் ஒரே மட்டம். மேட்டில் உச்சந்தலை மாத்திரம் புல்லுக்கு மேலே தெரியும். பள்ளத்தில் உருவம் கான்கிரீட் தூண்மேல் ஏறி நிற்கும். நடுவில் முழங்கால்வரை, மார்புவரை புதைந்தவர்கள்.

ஒரே மனிதனுடைய உடம்பை நூறு தரம் பார்ப்பானேன் என்று முதலில் எரிச்சல்தான். நடக்க நடக்க அது குறைந்துவிட்டது. கழுத்துவரை புதைந்தவனைப் பார்த்தால் பரிதாபம் வருகிறது. தூண்மேல் நிற்பவனிடம் ஓர் அதிகாரம் தெரிகிறது. இருவரும் ஒரே ஆள், ஒரே உயரம். வித்தியாசம் காலுக்குக் கீழே உள்ள நிலத்தில் இருக்கிறது.

நம்மவர்கள் தூண் மனிதர்களையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். பின்னால் வானம், மேகம், தனியாக ஒருவன். அழகான படந்தான். ஆனால் நூற்றில் ஒன்றைப் பிடுங்கி எடுத்தால் அது எந்தப் பூங்காவிலும் நிற்கிற சிலை. இது காமிராவுக்கு அடங்காத சிருஷ்டி, நடந்துதான் பார்க்க வேண்டும் என்று சாப்பாட்டு வேளையில் சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். கூட்டத்தில் வயதான அம்மாள் ஒருத்தி. அவள் மட்டும் பதில் சொல்லவில்லை.

மூன்று மணி சுமாருக்கு அவளைப் பார்த்தேன். ஈரப் புல்லில், நல்ல கோட்டோடு, குப்புறப் படுத்திருந்தாள். பக்கத்தில் துருவேறிய ஓர் உச்சந்தலை. என்னையும் படுக்கச் சொன்னாள். வேறு வழியில்லை, படுத்தேன். நிலம் சரிகிற பக்கமாகக் காமிராவைத் தலை மட்டத்தில் பிடித்திருந்தாள். திரையில், கிட்டே இருப்பவன், தூரத்தில் இருப்பவன், புதைந்தவன், தூண்மேல் நிற்பவன் என்று எல்லோர் தலையும் கயிறு பிடித்தாற்போல் அடிவானக் கோட்டிலேயே வந்து முட்டி நின்றன. மாயமில்லை, கண் அந்த மட்டத்துக்கு வந்தால் அப்படித்தான் தெரியும். நான் காலையிலிருந்து நடந்தும் அதைக் காணவில்லை. குனியவே இல்லையே!

வருஷ முடிவில் அவர்கள் நடத்திய போட்டியில் முதற்பரிசு மேகத்தோடு நின்ற தூண் மனிதனுக்கு. அம்மாளின் படத்துக்கு ஒன்றுமில்லை. இத்தனை பேரில் படத்துக்கு முக்கியமானவன் யார் என்று விளங்கவில்லை என்றார்களாம்.