தலைக்கட்டும் நுழைவுச்சீட்டும்: நிகழ்த்துகலை அரங்கில் குழந்தையின் இடம்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்கை அளந்து காட்டுகிறது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்பன தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் தவறாது எடுத்தாளும் அளவுகள். ஆடலாசான், இசையாசான், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் அமைதியும், மூவகை எழினியும், மாதவி பெற்ற ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் அங்கே பேசப்படுகின்றன. காண வந்த ஊரார் எங்கே அமர்ந்தனர் என்பதற்கு மட்டும் அளவு இல்லை. அரசன் பொருள் தரும் அரங்கில் பார்வையாளரை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே காப்பியத்தைக் குறைகூற இடமில்லை. அந்த இடைவெளி நம் ஆய்வுகளிலும் அப்படியே தொடர்வதுதான் குறை. நாடகாசிரியர், நடிகர், குழு, பனுவல், மேடையுத்தி என விரியும் நம் நாடக வரலாறுகளில் பார்வையாளருக்கு ஓர் இயல் கிடைப்பது அரிது. பார்வையாளராக வந்த குழந்தைக்கு ஒரு பத்திகூட இல்லை எனலாம்.

இன்று இப்பொருள் பேசப்படும்போதெல்லாம் 'கட்டணம் மிகுதி, அதனைக் குறைக்க வேண்டும்' என்ற அளவிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அது உண்மையே, ஆயினும் பாதி உண்மை. கட்டணம் எவ்வளவு என்பதற்கு முன்னர், அது எந்த அலகில் கணக்கிடப்படுகிறது என்று கேட்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ஓர் அரங்கின் சீட்டு வழங்கும் இடத்தில் ஐவர் கொண்ட குடும்பம் ஒன்றைக் கண்டேன். தந்தை கையிலிருந்த தொகையை எண்ணினார். தாயையும் பிள்ளைகள் மூவரையும் உள்ளே அனுப்பிவிட்டு, நாடகம் முடியும்வரை வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தார். சீட்டின் விலை ஒருவருக்கு அதிகம் என்று சொல்ல முடியாது. ஐவருக்கு அதிகம். நுழைவுச்சீட்டு தலைகளை எண்ணுகிறது. அதற்குக் குடும்பம் தெரிவதில்லை.

தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தின் பொருளாதாரம் இதற்கு நேர்மாறானது. திரௌபதை அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதம் சொல்லப்படும். இரவில் கூத்து நிகழும். படுகளத்தோடு விழா நிறைவை எய்தும். இதற்கான செலவை ஊர் 'தலைக்கட்டு வரி' என்னும் முறையில் திரட்டிக்கொள்கிறது. இங்குத் தலைக்கட்டு என்பது தலை அன்று, குடும்பம். ஒரு பிள்ளை உள்ள வீடும் ஆறு பிள்ளை உள்ள வீடும் ஒரே வரியைத்தான் தரும். ஆகவே கூத்துக்களத்தில் குழந்தை விருந்தாளியும் அன்று, கூடுதல் செலவும் அன்று. ஏற்கெனவே தன் பங்கைச் செலுத்திவிட்ட வீட்டின் உறுப்பு. களத்தின் முன்வரிசையில் சாக்கையோ பழைய புடவையையோ விரித்து இடம்பிடிப்பவர்கள் சிறுவர்களே. நள்ளிரவுக்குள் அவர்களுள் பாதிப்பேர் உறங்கிவிடுவர். கட்டியக்காரன் வந்தால் யாரேனும் தட்டி எழுப்புவர். துகிலுரிதலில் விழித்து, மீண்டும் உறங்கி, விடியலில் எழுவர். இவ்வாறு துண்டுதுண்டாகப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை பாரதத்தை முழுமையாகக் கற்றது. உறங்கும் குழந்தையை அனுமதிக்கும் அரங்கு, குழந்தைக்கான அரங்கின் முதல் இலக்கணம் என்பது என் கருத்து. இன்று பல அரங்குகள் இன்ன வயதிற்கு உட்பட்டோர்க்கு அனுமதி இல்லை என்று அறிவித்துவிடுகின்றன. அழுகுரலால் நடிகர்க்கு இடையூறு நேரும் என்பது அவர்கள் கூறும் காரணம். அதனையும் புறந்தள்ள இயலாது.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் விடிய விடிய நிகழும் 'வள்ளி திருமணம்' போன்ற ஸ்பெஷல் நாடகங்களுக்கும், கோயில் திருவிழாக்களில் மண்டகப்படிதாரர் ஏற்பாடு செய்யும் நாகசுரக் கச்சேரிகளுக்கும் இவ்விதி பொருந்தும். காண்போர்க்கு இவை கட்டணமற்றவை. எனினும் இவற்றை 'இலவசம்' என்பது பிழை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு குழு, முன்னரே பணம் கட்டியிருக்கிறது.

இம்முறையைப் போற்றுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றனர். நிறுத்தக் கூடாது. வரி கொடுப்பது உரிமை என்றால் வரி வாங்க மறுப்பது விலக்கல். தலித் குடும்பங்களிடம் விழா வரி பெறுவதில்லை என்ற வழக்கம் பல ஊர்களில் இருந்தது. சில ஊர்களில் இன்றும் அது பூசலுக்கு உரியதாகவே உள்ளது. 'எங்களிடமும் வரி வாங்குங்கள்' என்பது அம்மக்களின் போராட்ட முழக்கமாக அமைந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். பணத்தை மிச்சப்படுத்தும் சலுகையாக அதனை அவர்கள் கொள்ளவில்லை. ஊரின் உறுப்பினராக எண்ணப்படாமையாகவே கண்டனர். முன்வரிசைச் சாக்கில் எந்தக் குழந்தை உட்கார்ந்தது, எந்தக் குழந்தை தொலைவில் நின்று கேட்டது என்பதைத் தலைக்கட்டுக் கணக்கே தீர்மானித்தது.

இக்கோணத்தில் நோக்கினால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் தமிழ்நாட்டில் பரவிய கொட்டகை நாடகமும் அதன் நுழைவுச்சீட்டும் வேறொரு பொருள் பெறுகின்றன. காசு கொடுத்தவர் எவரும் உள்ளே செல்லலாம் என்னும் விதி, சாதி கேட்கும் ஊர் விதியைக் காட்டிலும் ஒருபடி விடுதலை அளிப்பது. நாற்காலி, பெஞ்சு, தரை எனக் கொட்டகை பிரிக்கப்பட்டிருந்தது மெய்யே. பிரிவு பணத்தால் அமைந்தது. தரைச்சீட்டு இருந்தமையால்தான் கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் அரங்கைக் கண்டனர். முரண் யாதெனில், அதே காலத்தில் மேடையில் நின்றவர்களும் குழந்தைகளே. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தி.க. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பாலர் குழுக்களின் கண்டிப்பையும் பயிற்சியையும் வறுமையையும் 'எனது நாடக வாழ்க்கை' முதலான தன்வரலாறுகள் வழி நாம் அறிவோம். மேடைக்கு எதிரே தரையில் அமர்ந்திருந்த அதே வயதுப் பிள்ளைகளைப் பற்றி எழுத ஒருவரும் இல்லை.

சென்னைச் சபாக்கள் மூன்றாவது வழியைக் கண்டன. 1900இல் தோன்றிய பார்த்தசாரதி சுவாமி சபா தொடங்கி நகரெங்கும் பரவிய இவ்வமைப்புகளின் அடித்தளம் உறுப்பினர் சந்தா. சந்தா செலுத்திய குடும்பம் ஆண்டு முழுதும் இசை, நாடகம், நடனம் மூன்றையும் காணலாம். ஒரு வகையில் இது தலைக்கட்டு வரியின் நகர வடிவமே. கே. பாலசந்தர், சோ முதலியோரின் நாடகங்கள் செழித்த 1960களில் பல நடுத்தர வீடுகளுக்குச் சபா மாலை என்பது குடும்ப நிகழ்வாக இருந்தது. ஆனால் சந்தா கட்டும் குடும்பங்கள் எப்பேட்டைகளில் வாழ்ந்தனவோ அப்பேட்டைகளுக்கு உரியதாகவே சபாவும் இருந்தது. 1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தபின் நாடகத்திற்கான கூட்டம் மெல்லக் கரைந்தது. மார்கழி இசைவிழா தழைத்தது; அதன் பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றிற்குக் கட்டணமும் இல்லை. அப்பகல் வேளையில் குழந்தை பள்ளியில் இருக்கும்! மாலைக் கச்சேரிக்குச் சீட்டு. அது முடியும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும். சீட்டை விட வாடகை வண்டிக்கு மிகுதியாகத் தர நேர்கிறது. இவ்வகையில் நேரமும் ஒரு கட்டணமே.

குழந்தையை அரங்கிற்குக் கொணர்வதற்கு மாறாக அரங்கைக் குழந்தையிடம் கொண்டுசெல்லும் முயற்சிகளில் இருவகை உண்டு. 1977இல் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கிரண் சேத் தொடங்கிய 'ஸ்பிக் மெக்கே' இயக்கம் முதல் வகை. பெருங்கலைஞர்களைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அழைத்துவந்து, கட்டணமின்றி, சிலமுழத் தொலைவில் மாணவரை அமரவைத்தது இவ்வியக்கத்தின் அருஞ்செயல். தேசிய நாடகப் பள்ளி 1989இல் அமைத்த கல்விசார் அரங்கக் குழுவும், புதுச்சேரியில் வேலு சரவணன் சிறுவர்களுக்காக நிகழ்த்திவரும் நாடகங்களும் இத்திசையில் சுட்டத்தக்கன. பள்ளி வழி வரும் கலையில் ஒரு குறை உண்டு. மாணவர் வகுப்பாக வருகின்றனர், வீடாக அன்று. தாய் சிரிக்கும் இடத்தில் பிள்ளை சிரிப்பதும், பாட்டி கண்ணீர் விடுவதைப் பேரன் திரும்பிப் பார்ப்பதும் அங்கு இல்லை. கூத்துக்களத்தில் குழந்தை கற்றதில் பாதி, மேடையிலிருந்து வந்ததன்று. பக்கத்தில் இருந்தவரிடமிருந்து வந்தது.

இரண்டாம் வகை கருநாடகத்தின் ஹெக்கோடு என்னும் சிற்றூரில் உருவானது. 1949இல் அவ்வூரார் தொடங்கி, கே.வி. சுப்பண்ணா வளர்த்தெடுத்த 'நீநாசம்' அமைப்பு, 1985 முதல் 'திருகாட்ட' என்னும் சுற்றுக்குழுவை மாநிலமெங்கும் அனுப்பிவருகிறது. அந்தந்த ஊரின் கலைக்குழுவோ மன்றமோ நிகழ்ச்சிக்குப் பொறுப்பேற்று, உள்ளூரில் பணம் திரட்டி, எளிய கட்டணத்தில் மக்களை வரவழைக்கிறது. சாதிக்கணக்கு இல்லாத தலைக்கட்டு முறை என்று இதனைக் கூறத் தோன்றுகிறது. இத்தகைய வலைப்பின்னல் தமிழகத்தில் நவீன நாடகத்திற்கு வாய்க்கவில்லை. நம் நவீன நாடகக் குழுக்களின் கலைத்திறன் குறைவன்று. அவற்றை ஏற்று அழைக்கும் ஊர்மன்றங்களே இல்லை. அரசு நல்கைகளும் பெரும்பாலும் கலைஞரின் வாழ்வையும் தயாரிப்பையும் நோக்கியவை. அவை தேவையானவையே. எனினும் அந்நாடகத்தை எத்தனை குழந்தைகள் கண்டனர் என்ற கேள்வி அறிக்கைகளில் முதன்மை பெறுவதில்லை.

பெங்களூரில் 2004இல் அருந்ததி நாகின் முயற்சியால் திறக்கப்பெற்ற 'ரங்கசங்கரா' அரங்கு, நாடகக் குழுக்களுக்கு வாடகையைக் குறைத்து, அதன்வழிச் சீட்டின் விலையையும் குறைக்கும் நெறியை மேற்கொண்டது. குழந்தைகளுக்கெனத் தனித் திட்டமும் வகுத்தது. நல்கை யாருக்கு என்ற வினாவிற்கு இது ஒரு விடை: தயாரிப்புக்குத் தருவதை விட இடத்திற்குத் தரலாம். எனினும் இங்கும் சீட்டு தலைக்கு ஒன்றுதான்.

நாட்டின் வரிச்சட்டமே இப்பார்வையை உறுதிசெய்கிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரியில், நாடகம், நடனம், இசை நிகழ்ச்சி முதலியவற்றின் நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 250 ரூபாயை மீறாதவிடத்து விலக்கு அளிக்கப்பட்டது. 2018 சனவரியில் இவ்வரம்பு 500 ரூபாயாக உயர்ந்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் 'ஒருவருக்கு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வரம்பளவு விலையில் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஒரு மாலை 2,500 ரூபாய். பெற்றோர் இருவரும் பிள்ளைகள் எத்தனை பேராயினும் அவர்களும் அடங்கிய 'குடும்பச் சீட்டு' ஒன்றைச் சட்டமும் அரங்குகளும் ஓர் அலகாக ஏற்கத் தடை என்ன என்பது புரியவில்லை. அரைச்சீட்டுகூட இதற்கு ஈடாகாது. அதுவும் தலையை எண்ணுவதே.

நடுத்தரக் குடும்பங்கள் கலைக்குச் செலவிடுவதில்லை என்பதும் சரியன்று. பாட்டு வகுப்பு, நடன வகுப்பு, ஆடை அணிகலன், பக்கவாத்தியம், அரங்கேற்றம் எனப் பெருந்தொகை செலவாகிறது. தமிழக அரசின் சவகர் சிறுவர் மன்றங்கள் முதலியன இப்பயிற்சியைக் குறைந்த கட்டணத்தில் தருவது பாராட்டத்தக்கது. ஆனால் கற்பதற்கு இத்தனை ஏற்பாடு இருக்க, காண்பதற்கு இல்லை. மேடையேறிய குழந்தை தன் உருப்படி முடிந்ததும் ஒப்பனை கலைத்து வீடு திரும்பிவிடுகிறது; அடுத்த குழந்தையின் ஆட்டத்தைக் காண்பதற்கு அது பழகவில்லை. பார்வையாளர் இல்லாத கலைஞர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

பெங்களூர் சாமராசப்பேட்டையில் ஸ்ரீராமசேவா மண்டலி 1939இல் தொடங்கிய இராமநவமி இசைவிழா பல்லாண்டுகள் கோட்டை உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் பந்தலிட்டு நடந்தது. உள்ளே சீட்டு, ஆனால் பந்தலுக்குச் சுவர் இல்லை. வெளியே சாலையோரத்தில் துண்டு விரித்து, பிள்ளைகளை மடியில் கிடத்தி, இரவெல்லாம் கேட்டவர்களைப் பற்றி இந்நகரின் முதியோர் இன்றும் கூறுவர். குளிரூட்டப்பட்ட புதிய மண்டபங்களுக்கு ஒலி கசியாத சுவர்கள் உள்ளன. இசைத்தரத்திற்கு அவை நல்லவை. அன்று சாலையோரத்தில் கேட்டவர்களை இன்று எங்கு அமரவைப்பது என்பதை மண்டபம் கட்டுவோர் வரைபடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஏழு கோல், எட்டுக் கோல் என்பது போல அதற்கும் ஓர் அளவு வேண்டும்.