எண்ணெய் உண்ணும் கிருமியும் எங்கள் கிணறுகளும்

ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்னும் வங்க விஞ்ஞானியைப் பற்றிய புகழுரைகள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. கடலிற் சிந்திய எண்ணெயைத் தின்று தீர்க்கும் புதிய உயிரொன்றை அவர் படைத்தாராம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றாராம். கிணற்று நீரில் எண்ணெய் மிதக்கக் கண்ட யாழ்ப்பாணத்து மக்களாகிய நாம் இக்கதையைச் சற்று ஊன்றிக் கேட்பது நன்று.

முதலில் அவருடைய ஆராய்ச்சியை நோக்குவோம். கல்கத்தாவில் கலாநிதிப் பட்டம் பெற்று, இலினோய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1971இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில் சேர்ந்தவர் அவர். சூடோமோனாஸ் இனப் பற்றீரியாக்கள் சில, எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைத்து உணவாக்கிக்கொள்பவை. அத்திறனைத் தாங்கி நிற்பவை பிளாஸ்மிட் எனப்படும் சிறு பரம்பரை வளையங்கள். ஒரு கிருமி மற்றொன்றைத் தொடும்போது அவை கைமாறக்கூடியவை. இத்தகைய நான்கு பிளாஸ்மிட்டுகளை அவர் ஒரே கிருமியில் குடியேற்றினார். சேர்ந்து வாழ மறுத்த இரண்டைப் புறஊதாக் கதிரின் துணையால் இணைத்தார். மெச்சத்தக்க கைத்திறன் என்பதில் ஐயமில்லை. ஆனால் இயற்கை ஏற்கனவே வைத்திருந்ததை ஒன்றுசேர்த்த இச்செயலைப் படைப்பு என்பது மிகை.

1972இல் கோரப்பட்ட காப்புரிமை மூன்று பொருள்களைப் பற்றியது: கிருமியை உருவாக்கும் முறை, அதை வைக்கோலிற் கலந்து நீர்மேல் மிதக்கவிடும் கலவை, பின்னர் கிருமியே. முதலிரண்டையும் அதிகாரிகள் ஏற்றனர்; உயிருள்ளது உடைமையாகாது என்று மூன்றாவதை மறுத்தனர். எண்ணெயை அகற்றுவதுதான் நோக்கமெனின் முதலிரண்டே போதாவா? கம்பனி மூன்றாவதற்காகவே போராடியது. 1980 ஜூன் 16இல், நால்வர் மறுக்க ஐவர் கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். உயிருள்ளதா இல்லையா என்பதன்று, மனிதன் ஆக்கியதா என்பதே கேள்வி என்றனர். பரம்பரைப் பொறியியலின் ஆபத்துகளை எடுத்துரைத்த மனுவொன்றும் அவர்கள் முன் இருந்தது. அவற்றை எடைபோடுவது தம் வேலையன்று என ஒதுக்கிவிட்டனர். நான்கு மாதங்களில் ஜெனென்டெக் கம்பனியின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 35 டொலர்ப் பங்கு அன்றே 88 டொலரைத் தொட்டது!

கிருமியின் கதி என்ன? அது எந்தக் கடலையும் துப்புரவு செய்யவில்லை. 1989இல் அலாஸ்காக் கரையில் எண்ணெய்க் கப்பல் உடைந்தபோது, கரையில் ஏற்கனவே வாழ்ந்த நுண்ணுயிர்களைப் பெருக்க உரம் தூவினார்கள்.

தனிமனிதர் மீது பழி சுமத்துவது எளிது, அது விமர்சனமாகாது. காப்புரிமை கம்பனியின் பெயருக்கே சென்றது. சம்பளத்துக்கு உழைத்த விஞ்ஞானியின் மூளைப் பயனும் நெசவாளியின் துணியைப் போலவே முதலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எனினும் விஞ்ஞானி வாய்மூடியே இருக்கவேண்டும் என்ற விதியில்லை. 1969இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் பெக்வித்தும் தோழர்களும் பற்றீரியாவின் பரம்பரையலகொன்றைத் தனியே பிரித்தெடுத்தனர். அவ்வெற்றியை உலகுக்கு அறிவித்தபோதே, இவ்வறிவு ஆள்வோர் கையில் என்னவாகும் என்றும் எச்சரித்தனர். அடுத்த ஆண்டு, மருந்துக் கம்பனியொன்றின் பெயரால் வழங்கப்பட்ட பரிசுப் பணத்தைப் பெக்வித் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்துக்கு அளித்தார். அதன்பின்னும் பல்லாண்டுகள் அவர் ஆய்வுகூடத்திலேயே இருந்தார் என்பதைப் பேசினால் பிழைப்புக் கெடும் என அஞ்சும் நமது இளம் விஞ்ஞானிகள் கவனிக்கவேண்டும்.

இனிச் சுன்னாகத்துக்கு வருவோம். ஆறில்லாத இக்குடாநாட்டுக்குச் சுண்ணாம்புக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே உயிர்நீர். ஓரிடத்தில் சிந்துவது கல்லின் வெடிப்புகள் வழியே அடுத்த ஊர்க் கிணற்றுக்கும் போகும். மின் நிலையத்தின் கழிவெண்ணெய் பற்றிய குரல் எழுந்தபோது, கிணறுகளில் எண்ணெய் உண்டா இல்லையா என்பதிலேயே ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. யார் கேட்டு, யாருக்காக எழுதப்பட்ட அறிக்கைகள் அவை? எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி நெறி என்ற பாடம் தொடங்கவேண்டிய இடம் இதுவே. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் மாசுக்குத் தனியார் மின் கம்பனியைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் வழங்கப் பணித்தது.

சக்கரவர்த்தியின் கிருமிமீது கம்பனிக்கிருந்த உரிமை 1998இலேயே காலாவதியாகிவிட்டது. அதன்பின் யாரும் காசு கொடாமல் அதைப் பயன்படுத்தியிருக்கலாம். பயன்படுத்தும் நிலைக்கு அதை வளர்த்தெடுக்க எவருக்கும் அக்கறை இருந்ததில்லை. சுன்னாகத்து மக்கள் குடங்களோடு பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றனர்.