ஹாரியட் வின்சுலோ நினைவுநூல் – ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணம் உடுவிலில் 1824-ல் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி தொடங்கக் காரணமானவர் ஹாரியட் வாட்ஸ்வொர்த் வின்சுலோ (1796–1833). அவரை அறிய நமக்குள்ள முதன்மை ஆதாரம் அவர் கணவர் மிரன் வின்சுலோ 1835-ல் நியூயார்க்கில் வெளியிட்ட நினைவுநூல். தமிழ்-ஆங்கிலப் பேரகராதியை (1862) வெளியிட்ட அதே வின்சுலோதான். மனைவியின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் எடுத்துக் கோத்து, இடையிடையே தன் விளக்கங்களைச் சேர்த்திருக்கிறார்.

நூலின் தலைப்பிலேயே இலங்கை மிஷனின் சுருக்க வரலாறும் இடம்பிடித்துவிட்டது. ஒரு பெண்ணின் கதையா, ஒரு நிறுவனத்தின் அறிக்கையா என்ற குழப்பம் நூல் முழுவதும் தொடர்கிறது. மிஷனை ஆதரித்த அமெரிக்க வாசகர்களுக்காக அச்சிடப்பட்ட நூல் இது. எனவே பக்தியும் பொறுமையும் நிறைந்த கடிதங்கள் தாராளமாக இடம்பெறுகின்றன. சலிப்பும் கோபமும் அவருக்கு இருந்திருந்தால், அவற்றைக் கணவரின் தேர்வைத் தாண்டித்தான் நாம் ஊகிக்க வேண்டும். மேற்கோளுக்கும் தொகுப்பாளர் குரலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் இந்நூலைச் சான்று காட்டுவது பிழையான வரலாற்றில் கொண்டுவிடும்.

ஆனால் குடும்ப ஆவணம் என்ற வகையில் நூல் பலமானது. கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் லாத்ரோப் குடும்பத்தில் பிறந்தவர் ஹாரியட். 1819 ஜனவரியில் திருமணம். ஜூனில் பாஸ்டனிலிருந்து ‘இண்டஸ்’ கப்பலில் பயணம். அதே கப்பலில்தான் ஜான் ஸ்கடரும் வந்தார் (வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் தாத்தா). பின்னாளில் ஹாரியட்டின் தங்கையர் மூவரும் மிஷனரிகளை மணந்து இலங்கைக்கு வந்தனர். மூத்த மகன் சார்லஸ் படிப்புக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டு, சிறுவனாகவே அங்கு இறந்தான். மகள் இன்னொரு ஹாரியட், சென்னையில் மிஷனரியாகப் பணியாற்றிய ஜான் வெல்ஷ் டல்லஸை மணந்தார். அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் பாஸ்டர் டல்லஸ் அந்த மகளின் பேரன். உடுவிலில் 36 வயதில் இறந்த ஒரு பெண்ணின் வழியை வாஷிங்டன்வரை தலைமுறை தலைமுறையாகத் தொடர முடிகிறது.

அவரிடம் படித்த பெண்களின் கதை வேறு. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பத் தயங்கிய பெற்றோரை இணங்கவைக்க மிஷன் சோறும் துணியும் தந்தது; படிப்பை முடித்தவர்களுக்குச் சீதனமும் கொடுத்தது. ஒரு குழந்தையின் செலவை ஏற்ற அமெரிக்கரின் விருப்பப்படி அக்குழந்தைக்குப் புதுப்பெயர் சூட்டும் வழக்கமும் இருந்தது. மிஷன் பள்ளிகளில் படித்த ஆண்கள் சிலர் இரு பெயர்களோடும் நிலைத்தனர்: ஆர்னால்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. நூல் எழுதியதாலும் பதவி வகித்ததாலும் அவர்களுடைய தமிழ்ப்பெயர் மறையவில்லை. பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பள்ளியில் அமெரிக்கப் பெயர், திருமணத்துக்குப் பின் கணவர் பெயர்; வீட்டில் அழைத்த பெயர் எந்த ஏட்டிலும் ஏறியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஹாரியட்டின் முதன்மைச் சாதனையே இந்தப் பெண்கள்தாம். அவர் வாழ்க்கையைச் சொல்லும் நூலில் அவர்கள் எண்ணிக்கையாகவும் எடுத்துக்காட்டாகவுமே பெரும்பாலும் வருகிறார்கள் என்பது இந்நூலின் பெருங்குறை.

இது யாழ்ப்பாணத்தோடு முடியும் விஷயமல்ல. 1834-ல் யாழ்ப்பாண மிஷனிலிருந்து கிளைத்ததே மதுரை அமெரிக்க மிஷன். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் அதற்கு ஒரு நிலையம் அமைந்தது. காந்திகிராமத்தில் இருந்துகொண்டு திண்டுக்கல் வட்டாரப் பெண்கல்வியின் தொடக்கத்தை ஆராய விரும்பும் மாணவருக்கு மிஷனரிக் குடும்பங்களின் கடிதங்கள் எளிதில் அகப்படும், அவை அச்சேறியவை. அவற்றோடு நிற்காமல் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். தகப்பன் பெயர், ஊர்ப்பெயர் என்று ஒரு வரி அங்கே இருந்தாலும், அமெரிக்கப் பெயருக்குள் இருக்கும் பெண்ணை அடையாளம் காண அது போதும்.