சாவி யார் கையில்?

கூகுள் டிரைவ், ஐகிளவுட், டிராப்பாக்ஸ் என்று இலவசச் சேமிப்புச் சேவைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "நம்ம போட்டோவை எல்லாம் அவங்க பார்ப்பாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் யாரோ ஓர் ஊழியர் நம் வீட்டுக் கல்யாணப் படங்களைப் புரட்டுவாரோ என்ற அச்சத்தைவிடப் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. காசு கொடுக்காத பயனருக்கு, தகராறு என்று வந்தால் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது.

நன்மையைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளில் பத்திரம், மதிப்பெண் சான்றிதழ், பழைய ஆல்பம் எல்லாம் சேற்றோடு போயின. ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றி வைத்திருந்தவர்களுக்கு நகலாவது மிஞ்சியது. ஒரே கோப்பைப் பல இடங்களில் பிரதியெடுத்துக் காப்பதை எந்தச் சாதாரணக் குடும்பமும் சொந்தச் செலவில் செய்துகொள்ள முடியாது. இலவசம் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சிக்கல் சாவியில் தொடங்குகிறது. கோப்புகளை என்கிரிப்ட் செய்துதான் வைத்திருக்கிறோம் என்று இந்த நிறுவனங்கள் சொல்வது உண்மை. ஆனால் பெரும்பாலான சேவைகளில் அந்தப் பூட்டின் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. வங்கி லாக்கரைத் திறக்க வங்கியின் சாவியோடு நம் சாவியும் சேர வேண்டும். இங்கே நம் பங்குக்குச் சாவியே இல்லை. பாஸ்வேர்ட் வெறும் அடையாளச் சோதனை. 2011 ஜூன் 19 அன்று டிராப்பாக்ஸில் ஒரு நிரல் மாற்றத்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம், எந்தப் பாஸ்வேர்டைப் போட்டாலும் கணக்கு திறந்துகொண்டது. சாவி பயனரிடம் இருந்திருந்தால், கணக்கு திறந்தாலும் கோப்பு திறந்திருக்காது. 2019 நவம்பரில் கூகுள் போட்டோஸிலிருந்து தங்கள் சேமிப்பைத் தரவிறக்கிய சிலரின் வீடியோக்கள், முன்பின் தெரியாதவர்களின் தரவிறக்கத்தோடு கலந்து போயின.

வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாது என்ற நம்பிக்கையில்தான் மருத்துவ ரிப்போர்ட்டையும் ஆதார் நகலையும் அதில் அனுப்புகிறோம். ஆனால் கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப்புக்கு அதே பாதுகாப்பு 2021 அக்டோபரில்தான் வந்தது. அதுவும் செட்டிங்ஸில் தேடிப்போய் நாமே இயக்கினால்தான். எத்தனை வீடுகளில் இயக்கியிருப்பார்கள்?

சாவியைப் பயனரிடமே கொடுக்கும் புரோட்டான் டிரைவ், மெகா போன்ற சேவைகளும் உண்டு. அவற்றின் குறை, சாவியும் மீட்புக் குறியீடும் தொலைந்தால் கோப்பும் தொலைந்தது. பாஸ்வேர்டைப் பேரப்பிள்ளையிடம் கேட்டு நினைவுபடுத்திக்கொள்ளும் தாத்தாவுக்கு இது பாதுகாப்பல்ல, பொறி. மெகாவின் என்கிரிப்ஷன் அமைப்பிலும் ஓட்டைகள் இருந்ததை 2022இல் ஜூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே எல்லோரும் அங்கே மாறிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அடையாள ஆவணங்களையாவது கிரிப்டோமேட்டர் போன்ற செயலியால் நம் கணினியிலேயே பூட்டிவிட்டு ஏற்றுங்கள். எல்லாவற்றுக்கும் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன அந்த வாசலுக்கு வருகிறேன். 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, தன் சின்னக் குழந்தையின் பிறப்புறுப்பில் வீக்கம் கண்டு, டாக்டருக்கு அனுப்புவதற்காகப் படம் எடுத்தார். படம் தானாகவே கூகுள் கிளவுடில் ஏறியது. கூகுளின் சோதனை அதைக் குழந்தைப் பாலியல் வன்முறைப் படமாகக் குறித்தது, கணக்கு முடக்கப்பட்டது. பத்தாண்டுக்கும் மேலான மின்னஞ்சல், மகனின் ஆரம்ப வருடங்களின் படங்கள், கூகுள் சேவையில் இருந்த போன் எண் எல்லாம் ஒரே நாளில் போயின. விசாரித்த போலீஸ்காரரால் அவரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை, போனும் மெயிலும் செத்திருந்ததால். குற்றம் ஏதுமில்லை என்று போலீஸ் முடித்துவிட்டது. கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை.

குழந்தைகளைக் காக்கப் படங்களைச் சோதிப்பது தேவை. அந்தச் சோதனையை நான் குறை சொல்லவில்லை. குற்றமில்லை என்று போலீஸே சொன்ன பிறகும், முறையிட்டும் பயனில்லாத நிலையில் ஒருவரை விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

விதிகளும் நிலையாக இருப்பதில்லை. 2015இல் அளவில்லா இடம் என்று அழைத்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் முதல் புதிய படங்களை ஜிமெயிலும் டிரைவும் பங்குபோடும் 15 ஜிபிக்குள் அடக்கியது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் படங்களைக் குவித்துவிட்ட குடும்பம் வேறெங்கே போகும்? கணக்கு நிரம்பினால் மெயிலும் நின்றுபோகிறது.

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, தன் தரவைக் கையோடு எடுத்துக்கொண்டு போகும் உரிமையைப் பயனருக்குத் தருகிறது. இந்தியாவின் 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் அது இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் காணவில்லை. அந்தச் சட்டத்தின்படி தரவை நீக்கச் சொல்லலாம், திருத்தச் சொல்லலாம், குறை சொல்லி மனுக் கொடுக்கலாம். எடுத்துப் போக மட்டும் உரிமை இல்லை. கணக்கை மூடும் அதிகாரம் நிறுவனத்திடமே இருக்கட்டும். ஆனால் குற்றச்சாட்டில் சிக்காத கோப்புகளை உரியவரிடம் கொடுத்துவிட்டே மூட வேண்டும் என்று நம் 2023 சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும்.