‘பெறுகுவிர்’ என்னும் வாக்குறுதி: சிறுபாணாற்றுப்படையின் வழிக் காணொளி விளையாட்டின் இன்பமும் எதிர்நோக்கும்

ஆய்வுச்சுருக்கம்

காணொளி விளையாட்டில் இன்பம் எங்கே பிறக்கிறது? இன்னும் வெளிவராத விளையாட்டுக்காகக் காத்திருத்தல் ஏன் சில வேளைகளில் இன்பமாகவும் சில வேளைகளில் ஏமாற்றமாகவும் முடிகிறது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஒன்றாக வைத்து ஆராய்கிறது. திண்டிவனம் பகுதியை நிலைக்களமாகக் கொண்ட சிறுபாணாற்றுப்படையின் எதிர்நோக்கு அமைப்பும், 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ விளையாட்டின் சமையல் அமைப்பும் இங்கு ஒப்பிடப்படுகின்றன. வாக்களித்தவர் யார், வழியில் பெற்றது என்ன என்னும் இரண்டுமே எதிர்நோக்கின் நேர்மையை முடிவு செய்கின்றன என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, எதிர்நோக்கு, ஆற்றுப்படை, உவகை, முல்லை, வெண்பா, ஓய்மாநாடு

முன்னுரை

விளையாட்டை இன்பத்தின் பிறப்பிடங்களுள் ஒன்றாக வைத்து எண்ணியவர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் களங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கினை அவர் கூறுகிறார். அவ்வுவகைக்குத் துன்பம் நீங்கியது என்னும் அடையும் தருகிறார். உரியியலில் கெடவரல், பண்ணை ஆகிய சொற்களுக்கு விளையாட்டு என்று பொருள் காட்டுகிறார். விளையாட்டைச் சிறுவர்க்கு உரியதென ஒதுக்காமல் அறிவோடும் செல்வத்தோடும் ஒருங்கு வைத்த இவ்வரிசை, இன்றைய திரை விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவதற்கும் இடம் தருகிறது.

மேலைநாட்டு ஆய்வாளர் இவ்வின்பத்தை இரு வகையில் விளக்கியுள்ளனர். பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட நூலில், தேவையற்ற தடைகளைத் தாமே விரும்பி ஏற்றுக் கடக்க முயல்வதே விளையாடுதல் என்றார். விளையாட்டு வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டர் 2004இல், விளையாட்டின் இன்பம் கற்றலின் இன்பமே என்றும், ஓர் ஒழுங்கை மனம் கண்டுகொள்ளும்போது அது தோன்றி, முழுதும் கற்றபின் தேய்ந்துவிடுகிறது என்றும் வாதிட்டார். இவ்விரு விளக்கங்களும் ஆடத் தொடங்கியபின் நிகழ்வதை விளக்குகின்றன. ஆட்டம் கைக்கு வருமுன்பே தோன்றும் இன்பத்தை இவை தொடுவதில்லை. முன்னோட்டப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளைஞரின் மனநிலையை விளக்க வேறொரு கருவி வேண்டும். அக்கருவி தமிழில் உண்டு.

ஓய்மாநாட்டு வழி

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. இதன் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. நூல் கூறும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையாகலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆகவே கடற்கரையிலிருந்து திண்டிவனம் நோக்கி வரும் நிலப்பகுதி இந்நூலின் களம். இதற்கு மேற்கே செஞ்சியும் அனந்தபுரமும் உள்ளன. இன்று அனைத்தும் விழுப்புரம் மாவட்டத்துள் அடங்கும்.

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு வரும் மற்றொரு பாணனை வழியில் கண்டு, தான் பெற்றதைக் கூறி அவனையும் அவ்வழியே செலுத்துவது இந்நூலின் அமைப்பு. பெற்றவன் பெறாதவனுக்கு அறிவுறுத்துவதே ஆற்றுப்படை எனப் புறத்திணையியல் வரையறுக்கிறது. கேட்பவன் இன்னும் எதையும் காணவில்லை. அவன் முன் விரிவது முழுக்க எதிர்காலம். எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீனும், வேலூரில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. மூன்று இடங்களிலும் ‘பெறுகுவிர்’ என்னும் முன்னிலை எதிர்கால வினையே வாக்கியத்தை முடிக்கிறது.

இவ்வமைப்பில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, கூறுபவன் சான்றாளன். தன் பழைய வறுமையை அவன் மறைப்பதில்லை. சமையற்கட்டில் குட்டி ஈன்ற நாய் கிடந்த நிலையையும், உப்பின்றி வெந்த கீரையைப் பிறர் காணாதபடி கதவடைத்து உண்ட நாணத்தையும் அவனே சொல்கிறான். அடைத்த அக்கதவை அறிந்தவன் சொல்வதால்தான் நல்லியக்கோடனின் அடையா வாயில் நம்பத்தக்கதாகிறது. இரண்டாவது, பரிசில் வழியின் முடிவில் மட்டும் வைக்கப்படவில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஓர் உணவு உண்டு. எதிர்நோக்கு நீள்கிறது, ஆயினும் எதிர்நோக்குபவன் பசியோடு விடப்படுவதில்லை.

வெண்பா: கையால் நிறைவேறும் வாக்கு

கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனத்தின் ‘வெண்பா’, 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. 1988இல் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் இணையரும் அவர்தம் மகன் கவினும் இதன் மாந்தர். 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசையும், பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் இது பெற்றது.

வெண்பாவிடம் உள்ள தாயின் சமையல் குறிப்பேடு சிதைந்துள்ளது. சில வரிகள் அழிந்துவிட்டன; சில பக்கங்கள் கிழிந்துள்ளன. இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்த் துருவலையும் எந்த வரிசையில் இடுவது என்பதை எஞ்சிய குறிப்பிலிருந்து ஆடுபவர் உய்த்துணர வேண்டும். கடிகாரம் துரத்துவதில்லை, மதிப்பெண் இல்லை, தவறினால் மீண்டும் தொடங்கலாம். சூட்ஸ் கூறிய தடை இங்கு அழிந்த எழுத்து. கோஸ்டர் கூறிய கற்றல் இங்கு ஆவியும் மாவும் நடந்துகொள்ளும் முறையை அறிதல்.

ஆயினும் இவ்விரண்டு மட்டும் இவ்விளையாட்டின் இன்பத்தை விளக்கிவிடுவதில்லை. குறிப்பேட்டை எழுதியவர் அவ்வுணவைச் சமைத்துப் பரிமாறியவர். இப்படிச் செய்தால் இது கிடைக்கும் என்று அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் பெற்றவர் பெறாதவருக்குச் சொல்லும் சொல். வரி அழிந்த இடத்தில் வாக்குறுதி நிற்கிறது, வழி மறைகிறது. ஆடுபவரின் கை அவ்வழியைக் கண்டுபிடிக்கிறது. மூடியைத் திறக்கும் நொடியில் எதிர்நோக்கு பேறாக மாறுகிறது. அடுத்த சமையல் அடுத்த எதிர்நோக்கைத் தொடங்குகிறது. சிறுபாணாற்றுப்படையிலும் நல்லியக்கோடனின் விருந்து வீமன் இயற்றிய நுண்ணிய மடைநூலின் நெறி வழுவாமல் ஆக்கப்பட்டதென்று கூறப்படுவது இங்கு நினையத்தக்கது. நூலில் உள்ளது கலத்திற்கு வருவதற்கு இடையே ஒரு கை வேண்டும் என்பதை இரண்டும் அறிந்துள்ளன.

வளர்ந்த கவின் தாயின் தமிழ்க் குறிப்பைத் தட்டுத்தடுமாறிப் படித்துச் சமைக்கும் பகுதி இவ்விளையாட்டின் உச்சம். முன்னர் தாளின் சிதைவு தடையாக இருந்தது. இப்போது படிப்பவரின் மொழியிழப்பே தடையாகிறது. ஆட்டத்தின் விதியும் கதையின் துயரும் ஒன்றாகும் இவ்விடத்தில், விடை காணும் இன்பம் உறவை மீட்கும் இன்பமாக ஆழம் கொள்கிறது.

குறையும் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் விளையாட்டு முடிந்துவிடுகிறது. ஒரு சமையலுக்குச் சரியான வழி ஒன்றே. உப்பைச் சற்றுக் கூட்டியோ முறையை மாற்றியோ பார்க்கும் உரிமை ஆடுபவருக்குப் பெரிதும் இல்லை. வீட்டுச் சமையலில் உள்ள கைப்பக்குவம் என்னும் வேறுபாட்டுக்கு விளையாட்டின் விதிகள் இடம் விடவில்லை. விடை தெரிந்தபின் மீண்டும் ஆடுவோரை ஈர்ப்பது கதையும் இசையும் மட்டுமே. கற்றல் முடிந்தால் இன்பம் தேயும் என்ற கோஸ்டரின் கருத்து இங்கு உறுதிப்படுகிறது.

காத்திருப்பின் இலக்கணம்: முல்லை

விளையாட்டின் உள்ளே எதிர்நோக்கு கையால் நிறைவேறுகிறது. வெளியீட்டுக்காகக் காத்திருக்கும்போது அக்கைக்கு வேலை இல்லை. இந்நிலைக்கு நெருக்கமானது முல்லையின் உரிப்பொருளாகிய இருத்தல். கார்காலத்தில் வருவேன் என்று தலைவன் பருவம் குறித்துச் செல்கிறான். பருவம் வந்தும் அவன் வரவில்லை. இது கார் அன்று, பருவமல்லாத மழையைக் கார் என மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது என்று தோழி ஆற்றுவிக்கும் குறுந்தொகைக் கற்பனை நாம் அறிந்ததே.

ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி நிறுவனம் ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ விளையாட்டை 2019 பிப்ரவரியில் அறிவித்தது. அது வெளிவந்தது 2025 செப்டம்பர் 4 அன்று. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளில் ஒவ்வொரு பெரிய அறிவிப்பு நிகழ்ச்சியும் சுவைஞர்களுக்கு ஒரு கார்காலமாயிற்று. பெயர் வராதபோது தோழியைப் போலத் தமக்குத் தாமே காரணம் கூறிக்கொண்டனர். அக்கேலியும் ஊகமும் தனி ஆட்டமாகவே வளர்ந்தன. வெளிவந்த நாளில் வாங்க முயன்றோரின் நெரிசலால் இணையக் கடைகள் திணறின. இக்காத்திருப்பு பெருமளவு இனிதாக முடிந்ததற்குக் காரணம் தேடினால் இரண்டு தெரிகின்றன. முதல் விளையாட்டை ஆடிப் பெற்றவர்களே இதனை எதிர்நோக்கினர். காத்திருந்த காலத்தில் நிறுவனம் மிகுதியாக எதையும் வாக்களிக்கவுமில்லை.

சான்றில்லாத வாக்கு

போலந்தின் சிடி புராஜெக்ட் நிறுவனம் 2012இல் அறிவித்த ‘சைபர்பங்க் 2077’ எதிர்நிலைச் சான்று. 2020 ஏப்ரலில் வெளிவரும் எனக் கூறப்பட்டு, மும்முறை தள்ளிவைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4 போன்ற கருவிகளில் அது பெரும் பிழைகளோடு இயங்கியதால், அதே மாதத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் அது அக்கடைக்குத் திரும்பியது. பிற்காலத் திருத்தங்களால் அவ்விளையாட்டு நற்பெயர் பெற்றது உண்மை. முன்பதிவு செய்து முதல் நாளில் பெற்றவருக்கு அது ஈடாகாது.

இங்கு குலைந்தது ஆற்றுப்படையின் முதற் கூறு. முன்னோட்டப் படமும் ‘பெறுகுவிர்’ என்றே சொல்கிறது. ஆனால் சொல்பவர் பெற்றவர் அல்லர்; விற்பவர். முழுமையுற்ற விளையாட்டை எவரும் ஆடியிராத காலத்தில் அச்சொல் பிறக்கிறது. முன்பதிவு முறை பேற்றுக்கு முன்னரே விலையைப் பெற்றுக்கொள்கிறது. இடையில் உணவும் இல்லை. அடுத்த முன்னோட்டம் பசியை மட்டும் வளர்க்கிறது.

ஆற்றுப்படையும் புரவலனின் விளம்பரமே அன்றோ என்னும் மறுப்பு எழலாம். புலவர் பரிசில் நாடிப் பாடினார் என்பதும், மிகைப்படுத்தல் அம்மரபில் உண்டு என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. எனினும் அம்மரபு தன் புகழுரையைப் பெற்றவன் வாயிலேயே வைத்தது. பெறாதவன் புகழ்வதை அவ்வடிவம் ஏற்பதில்லை. புகழுக்கும் ஒரு சான்றுப் பொறுப்பை வடிவமே விதித்ததுதான் இங்கு கவனத்திற்குரியது.

அப்பொறுப்பைத் திரை விளையாட்டுத் துறையும் அறியாததன்று. 1993 டிசம்பரில் இட் சாப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ விளையாட்டின் முதற் பகுதியை விலையின்றிப் பரவவிட்டது. பிடித்தவர் எஞ்சியதை விலைக்குப் பெற்றனர். இன்று சிறு நிறுவனங்கள் வெளியிடும் இலவச மாதிரிப் பதிப்புகள் அதன் தொடர்ச்சி. எயிற்பட்டினத்து மீனைப் போல இவை வழியிடை உணவு. ஆடிப் பார்த்த ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும்போது, பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்தும் பழைய முறை மீள்கிறது.

முடிவுரை

காணொளி விளையாட்டின் இன்பம், சிறு வாக்குறுதிகளை ஆடுபவர் தம் கையால் அடுத்தடுத்து நிறைவேற்றிக்கொள்வதில் உள்ளது. ‘வெண்பா’வின் அழிந்த சமையற்குறிப்பு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. வெளியீட்டுக்கான காத்திருப்பும் அதே வாக்குறுதியின் நீட்சி. ஆனால் அங்கு கை செயலற்றிருப்பதால், சொல்பவரின் நேர்மையைப் பொறுத்தே அது இன்பமாகவோ ஏமாற்றமாகவோ முடிகிறது. சொல்பவர் பெற்றவரா, வழியில் உண்ண ஏதேனும் உண்டா என்னும் இரு வினாக்களும் ஓய்மாநாட்டுப் பாணர் நடந்த வழியில் விடை பெற்றவை. தொல்காப்பியர் கூறிய துன்பம் நீங்கிய உவகையை விளையாட்டு தர வேண்டுமாயின், முன்பதிவுப் பொத்தானை அழுத்துமுன் அவ்வினாக்கள் கேட்கப்பட வேண்டும்.