கியர் பொக்ஸ் இறங்கும்போது எங்கே பார்ப்பது?

மீரியபெத்தவுக்குக் கீழே, கொஸ்லந்தையிலிருந்து பெரகலைக்கு ஏறும் ஏ4 வீதியில் ஓடினால் எந்த வாகனத்துக்கும் கிளச் தேயும். பாரத்தோடு வரும் லொறி வளைவில் நின்று, பாதிக் கிளச்சில் மறுபடி கிளம்பும்போது எழும் தீய்ந்த வாசம் நமக்குப் பழகியதுதான். தியத்தலாவையில் 1993இல் தொடங்கிய ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் பாயும் ஹொண்டா சிவிக்குக்கும் இதே நோய்தான். ஓட்டத்தைப் பார்க்கக் கூட்டம் கூடும். அந்தக் காரின் கியர் பொக்ஸ் இறங்கி ஏறுவதைப் பார்க்க யாரும் போவதில்லை. கராஜில் இடம் கொடுத்தால் போய் நில்லுங்கள். 2024 ஏப்ரலில் அந்த ஓட்டத்தில் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். ஓட்டத்திடலில் எட்டி நிற்பது போலவே, ஜாக்கில் நிற்கும் காருக்கு அடியிலும் தலையை நீட்டாதீர்கள்.

கிளச் இருப்பது எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில். தேய்ந்த பிளேட் ஒன்றை மாற்றவும் பெட்டி முழுவதும் இறங்கியாக வேண்டும். பேட்டரி வயர், ஸ்டார்ட்டர், ட்ரைவ் ஷாஃப்ட் கழற்றும் நேரத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம், நட்டமில்லை. ஆனால் ஒயில் வடிக்கும்போது பக்கத்தில் இருங்கள். காந்தம் வைத்த வடிப்பு போல்டில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கம். இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் உள்ளே பல் உடைந்திருக்கலாம். போல்டுகளையும் கவனியுங்கள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. நல்ல கராஜ் பாஸ் அட்டையில் பெட்டியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைப்பார்.

பெட்டி இறங்கியதும் ஃபிளைவீலைப் பாருங்கள். நீலத் திட்டு இருந்தால் அது சூட்டின் தடம்; ஓட்டுநரின் கால் பழக்கம் அதிலேயே தெரிந்துவிடும். பழைய ரிலீஸ் பெயரிங்கைக் காதோரம் வைத்துச் சுற்றினால் கரகரப்புக் கேட்கும்.

உண்மையான ரசனை ஏற்றும்போதுதான். புதிய பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரெஷர் பிளேட் போல்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார்கள். பிறகு ட்ரொலி ஜாக்கில் பெட்டி ஏறும். அதன் ஷாஃப்டில் உள்ள பள்ளங்கள் பிளேட்டின் பற்களோடு சரியாகப் பொருந்த வேண்டும். பாதியில் விட்டுவிட்டால் பெட்டியின் பாரம் முழுவதும் பிளேட்டில் தொங்கி அதை வளைத்துவிடும். பற்கள் பொருந்தாவிட்டால் விரலளவு இடைவெளியில் பெட்டி நின்றுவிடும். அப்போது பாஸ் பலம் காட்டமாட்டார். “தம்பி, எஞ்சினை மெதுவா சுத்து... இன்னும் கொஞ்சம்... போதும்” என்பார். பொடியன் ஸ்பானரை லேசாகத் திருப்ப, பற்கள் பள்ளத்தில் விழும். ‘டொக்’. எஞ்சின், பெட்டி இரண்டின் முகங்களும் கையாலேயே ஒட்டிக்கொள்ளும்.

அந்த இடைவெளியைப் போல்டை இறுக்கியே மூடப் பார்ப்பவர்களும் உண்டு. அலுமினிய உறையின் காது உடைந்துபோகும், இல்லாவிட்டால் புதிய பிளேட் கோணலாகும். அப்படிச் செய்கிற கராஜில் உங்கள் காரை விடாதீர்கள்.